லெட்சுமணன் வீட்டுக் கரண்டு

என் புருசன் இன்னாசிமுத்து பதிவு செய்யப்பட்ட மின்னிணைப்பாளர். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் கரண்டு இல்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். நான் பன்னிரண்டு வருசமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கரண்டு தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் போனது. சண்டை தொடங்கிய கையோடு கம்பிகள் அறுந்து விழுந்தன. மரக் கம்பங்களை யார் யாரோ பங்கர் என்கிற பதுங்கு குழிக்கு மேல் அடுக்குவதற்குத் தறித்துக்கொண்டு போனார்கள். இப்போது தொண்ணூற்றெட்டு. எட்டு வருசமாக எங்கள் வீட்டுச் சுவரில் ஐந்து சுவிச்சுகள் இருக்கின்றன, ஐந்தும் அணைத்தபடி. கரண்டு போன வீட்டில் சுவிச்சைப் போட்டபடி விடக்கூடாது, திரும்பி வரும்போது ஆபத்து என்பது என் புருசனின் சட்டம். துணி மாட்டும்போது தோள் பட்டு ஒரு சுவிச்சு போடுபட்டுவிட்டால்கூட, சாப்பாட்டிலிருந்து எழும்பிப் போய் அணைத்துவிட்டு வருவார். வராத கரண்டுக்கு இத்தனை மரியாதை.

அப்படியென்றால் இவர் என்னதான் வேலை செய்கிறார் என்று கேட்பீர்கள். வேலி அடைப்பார். கடலுக்குப் போகப் பாஸ் கிடைக்கிற நாட்களில் கிறகரியின் வள்ளத்தில் ஓர் ஆள் குறைந்தால் ஏறிக்கொள்வார். தையல் மெசின் பூட்டுவார், மூக்குக்கண்ணாடிக்குக் கால் வைப்பார், செத்த வீட்டுக்குப் பந்தல் போடுவார். இவற்றுக்கு நடுவே தன்னுடைய சொந்தத் தொழிலும் பார்ப்பார். சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாட வைப்பார். கோயில் திருநாளுக்குக் கார் பற்றரியை வைத்து மாதாவின் தலையைச் சுற்றி லைற் எரிய விடுவார். ஒருமுறை றோசம்மாவின் ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தபோது இவரைத்தான் கூப்பிட்டார்கள். வயர் இழுத்துப் பழகிய கை, பதமாக இழுக்கும் என்றாள் றோசம்மா. இரண்டு குட்டிகளும் பிழைத்தன.

ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பதற்குப் பதிவு எதற்கு? பதிவு அவர் தூக்கித் திரிகிற பைக்கு. அந்தப் பைக்குள் நாலு முழம் வயர், குறடு, இரண்டு பழைய பற்றரி, வயரில் சுற்றுகிற கறுத்த ரேப், ஒரு மணிக்கூட்டின் உள்ளுடம்பு எல்லாம் இருக்கும். இந்தக் காலத்தில் இப்படியொரு பையைத் தூக்கிக்கொண்டு சென்றிக் காவலரணைக் கடக்கிறவனை ஆமிக்காரன் என்னவென்று நினைப்பான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்து ஊரில் ரேடியோ திருத்துகிற ஒருவர் ஒரு முழ வயரோடு பிடிபட்டு ஐந்து மாதம் உள்ளே இருந்தார். இவரைப் பிடித்தால் இவர் ஒன்றும் பேசாமல் அட்டையை நீட்டுவார். படம் ஒட்டி, சீல் குத்தி, மூன்று மொழியிலும் எழுதிய அட்டை. ஆமிக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆ, கறண்ட் பாஸ்” என்று, சிங்களத்தில் தொழில்காரரைக் கூப்பிடுகிற மாதிரிச் சொல்லி விட்டுவிடுவான். அவர் பட்டணத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அந்த அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன். எனக்குப் பயம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த அட்டை பங்குனி முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது என்று தை மாதம் கடிதம் வந்தது. மூன்று வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது வழக்கம்தான். இம்முறை புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். கடந்த மூன்று வருசத்தில் நூற்றைம்பது நாளாவது மின்சார வேலை செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் திகதி, வேலை, வேலை செய்வித்தவரின் பெயர், கையொப்பம் எழுதிப் பதிவேடு அனுப்ப வேண்டும். பிறகு அந்த வீடுகளில் ஒன்றுக்கு மேற்பார்வையாளர் நேரில் வந்து, கரண்டு விட்டுப் பரிசோதிப்பார். கொழும்பில் விசிறிக்குக் கீழே இருந்து எழுதிய சட்டம் என்று வாசித்தவுடனேயே தெரிந்தது.

நாங்கள் ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் நினைவிலிருந்து சொல்ல, நான் நீதவான் மாதிரித் தீர்ப்புச் சொன்னேன்.

“மாதாட லைற், பதினாலு நாள்.”

“வரும்.”

“றோசம்மாட கோழிக்கூட்டுக்கு மணி கட்டினது.”

“பற்றரி மணியோ, ஆட்டு மணியோ?”

“பற்றரி மணி. கீரி வந்தா அடிக்கும்.”

“வரும்.”

“ஆடு?”

“என்ன ஆடு?”

“நான் ரோச் லைற் பிடிச்சுக்கொண்டுதானே இழுத்தனான்.”

“ஆடு வராது” என்றேன்.

இப்படிப் பொய் கலக்காமல் எண்ணியே நூற்றைம்பத்து மூன்று நாள் வந்தது. எனக்கே ஆச்சரியம். ஒரு ரேடியோ, ஒரு டைனமோ, ஒரு ரோச் லைற் என்று துண்டு துண்டாக, கரண்டு இல்லாத ஊரில் இந்த மனிதர் இத்தனை நாள் கரண்டு வேலை செய்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

எங்கள் ஊரில் அதுதான் பெரிய வேலை. ஊரில் யாரும் எதிலும் பெயர் எழுத மாட்டார்கள். சங்கக் கடையில் சீனிக்குக் கைநாட்டு வைக்கச் சொன்னால் சீனி வேண்டாம் என்று திரும்பி வருவார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சாட்சிக் கையெழுத்துக்குப் பாதர் கெஞ்ச வேண்டும். இதற்கெல்லாம் காரணம் லெட்சுமணன்.

லெட்சுமணனும் பாலம்மாவும் மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். கூலி வேலைதான். ஆனால் லெட்சுமணனுக்கு அச்சடித்த மாதிரி எழுத்து. தொண்ணூறில் ஒரு நாள் பங்கருக்குப் பனங்குற்றி கேட்டு இயக்கத்து ஆட்கள் வந்தார்கள், கொடுத்தவர்களின் பெயரைக் கொப்பியில் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் கிறுக்கினார்கள். லெட்சுமணன் முன்னெழுத்து, முழுப்பெயர், ஊர் எல்லாம் அழகாக எழுதிக் கீழே கோடும் இழுத்தார். இரண்டு மாதம் கழித்து அந்தக் கொப்பி ஆமியின் கைக்குப் போனது. அதில் வாசிக்கக் கூடியதாக இருந்தது ஒரே ஒரு பெயர். அவரைத் தேடி வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார். அடுத்த வள்ளத்தில் பாலம்மா போவதாக இருந்தது. அடுத்த வள்ளம் வரவில்லை. எட்டு வருசமாக அவர் மண்டபம் முகாமில், இவள் றோசம்மா வீட்டுச் சுவரோடு இறக்கிய சாய்ப்பில். மீன் காயப்போட்டுப் பிழைக்கிறாள். அவர்களுடைய வீடு கூரையில்லாமல் நாலு சுவராக நிற்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் நூற்றைம்பத்து மூன்று கையெழுத்து. என் புருசன் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீடு வீடாகப் போனார். இரண்டாம் நாள் பின்னேரம் வந்து, “எல்லாம் நிரம்பிட்டுது” என்றார். கொழும்புக்குத் தபால் போகிற வவுனியாப் பாதை அடுத்த நாள் திறக்கும் என்று கேள்வி. அதை விட்டால் எப்போது திறக்கும் என்று தெரியாது. கடித உறையை ஒட்டி, பட்டணத்துக்குப் போகிற ஆளிடம் ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நான் அவருக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன். அந்த முட்டைகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மாசி நடுவில் பதில் வந்தது. நான்தான் வாசித்தேன். தங்கள் பதிவேட்டில் உள்ள நூற்றைம்பத்து மூன்று நாட்களில் பதினான்கு நாட்கள் கோயிலுக்கும், மீதி நூற்று முப்பத்தொன்பது நாட்கள் திரு. க. லெட்சுமணன் என்பவருக்கும் வேலை செய்திருப்பதாகக் காண்கிறோம். ஆகவே மேற்படி லெட்சுமணனின் வீட்டு மின்னிணைப்பைப் பரிசோதிக்க மேற்பார்வையாளர் பங்குனி ஐந்தாம் திகதி பகல் இரண்டு மணிக்கு வருவார்.

நான் கடிதத்தைக் கீழே வைத்தேன்.

“இதென்ன இது?”

அவர் குறடுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். “பேரைச் சொல்லுங்கோ எண்டு கேட்டன். லெட்சுமணன் எண்டு சொல்லிச்சினம். எழுதினன். பக்கத்தில கையெழுத்தும் அப்பிடியே போட்டவை.”

“கிறகரி?”

“லெட்சுமணன் எண்டுதான் சொன்னவன்.”

“றோசம்மா?”

“அவவும் லெட்சுமணன்தான்.”

“றோசம்மாவைப் பாத்தா உங்களுக்கு லெட்சுமணன் மாதிரியோ கிடக்கு?”

“அவர்தான் போயிட்டாரே, இனி அவரை என்ன செய்யப்போறாங்கள் எண்டு கேட்டவ. எனக்கும் சரியாத்தான் பட்டுது.”

நான் பேசத் தொடங்கினேன். மூளையைப் பற்றி, அவரைக் கட்டிவைத்த தரகரைப் பற்றி, பதிவேடு என்றால் என்ன என்பதைப் பற்றி. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து பதிவேட்டின் பிரதியை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். முதல் வரி: தையல் மெசினுக்குப் பற்றரி லைற் பூட்டியது. வேலை செய்வித்தவர்: க. லெட்சுமணன்.

எங்கள் ஊரில் தையல் மெசின் ஒன்றுதான் இருக்கிறது. அது என்னுடையது.

“நீர் மீன் பொரிச்சுக்கொண்டு நிண்டனீர்” என்றார். “முதல் கையெழுத்து உம்மட்டதான் கேட்டனான். எனக்கு என்னத்துக்கு உந்த வில்லங்கம், லெட்சுமணன் எண்டு போடுங்கோ எண்டனீர். பிறகு நான் போன வீடெல்லாம் உம்மைத்தான், செலீனா என்ன போட்டவ எண்டு கேட்டவை. சொன்னன்.”

அது நினைவுக்கு வந்தது. பகிடியாகத்தான் சொன்னேன். பாதிப் பகிடி, பாதிப் பயம். வாய் இருக்கிறதே என்று எதையாவது சொல்வது என் பழக்கம். ஊர் முழுக்க அதைப் பிடித்துக்கொள்ளும் என்று நான் கண்டேனா? அடிப்பிடித்த சோற்றை இறக்கி வைக்கப் போனேன்.

பாலம்மாவிடம் போய்ச் சொல்லத்தான் வேண்டும். அவளுடைய புருசன் பெயர் மறுபடியும் ஒரு கொப்பியில் ஏறி, அரசாங்கத்துக் கந்தோருக்குப் போய்விட்டது. இந்த ஆள் ஊரில்தான் இருக்கிறானா என்று யாராவது தேடி வந்தால் அவளிடம்தான் வருவார்கள். நான் போனபோது அவள் வாளை மீன் புரட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கதையும் சொன்னேன். முதல் வரியை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

அவள் முதலில் சிரித்துவிட்டாள். “எங்க வீட்டுல நூத்தி முப்பத்தொம்பது நாளு கரண்டு வேலையா? அந்த மனுசன் இருந்தப்போ ஒரு லைட்டுகூட போடலயேக்கா.” பிறகு கையிலிருந்த மீனைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “அந்தப் பேரு கொழும்புக்குப் போயிருச்சா?”

“போயிட்டுது.”

அவள் அந்த மீனைப் புரட்டி வைத்தாள். அந்த நேரத்தில் அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

“இன்னாசி அண்ணனுக்கு அட்டை இல்லாட்டி சென்றியில புடிச்சுக்குவாங்கல்ல” என்றாள். “சரி. வர்றவரு பாக்கணும்னா வீட்டுக்குக் கூரை வேணும்ல. அதை மொதல்ல பாருங்க.”

குற்ற மனசுக்கு நல்ல பலம் இருக்கிறது. பேரெழுதச் சொன்னபோது ஓடி ஒளிந்த அதே ஊர், கூரை போடச் சொன்னவுடன் முதல் நாளே முடைந்த தென்னங்கிடுகோடு வந்து நின்றது. மூன்று நாளில் கூரை ஏறியது. றோசம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கரண்டுக்குக் கிறகரியின் ஜெனரேற்றர். அவன் மீன் இல்லாத காலத்தில் ஓலைக் கொட்டிலில் வீடியோப் படம் காட்டுகிறவன். ஜெனரேற்றர் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். ஒவ்வொரு வீடும் விளக்குக்கு வைத்திருந்த போத்தலிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றியது.

வயரிங் வேலையை இவர் ஒருவரே செய்தார். எட்டு வருசமாக இவரை நான் வேலிக்கும் பந்தலுக்கும் ஆட்டுக்கும் பின்னால் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. வயர் போகிற வழிக்கு, நீலம் தோய்த்த நூலைச் சுவரில் அடித்துக் கோடு விழுத்தினார். இடிந்த சங்கக் கட்டடத்திலிருந்து எப்போதோ கழற்றி வைத்த மெயின் சுவிச்சைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தார். அது அங்கே இருந்தது எனக்கே தெரியாது. எர்த்துக்குக் குழி வெட்டி, பழைய கிணற்றுப் பம்பின் குழாயை இறக்கி, உப்பும் கரியும் மாறி மாறிப் போட்டு நிரப்பினார். சோறு கொண்டுபோய் மூன்று தரம் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. இந்த வேலை தெரிந்த கையை வைத்துக்கொண்டு நாங்கள் இவரை வேலிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

பங்குனி ஐந்தாம் திகதி இரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். முஹைதீன் என்று பெயர். ஒல்லியான, சிரிக்காத மனிதர். ஒரு கையில் குடை, மறு கையில் அளக்கிற பெட்டி, கக்கத்தில் எங்கள் பதிவேடு. வணக்கத்துக்குத் தலையாட்டிவிட்டு நேரே மெயின் சுவிச்சின் மூடியைக் கழற்றினார். முக்கால் மணி நேரம் பரிசோதித்தார். வயர் மூட்டுகளை இழுத்துப் பார்த்தார், சுவிச்சுகளைக் கழற்றி முகர்ந்துகூடப் பார்த்தார்.

“எர்த்துக்கு என்ன போட்டிருக்கிறீங்க?”

“உப்பும் கரியும், ஐயா.”

“மன்னார் மண்ணிலயே உப்புத்தானே இருக்கு.”

“எண்டாலும் முறைப்படி செய்ய வேணும், ஐயா.”

முஹைதீன் அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “சரி, கரண்டை விடுங்க” என்றார்.

கிறகரி கயிற்றை இழுத்தான். ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது. இங்கேதான் ஒரு தவறு நடந்தது, அதை யாரும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் ஜெனரேற்றர் சத்தம் கேட்டால் படம் என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் ஊர் முழுக்கப் பாயும் பலகைக்கட்டையுமாக வந்து, லெட்சுமணன் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி வரிசையாகக் குந்திவிட்டது. விசயம் தெரிந்தவர்களும் வந்து குந்தினார்கள். கால் பழக்கம்.

முஹைதீன் வெளியே எட்டிப் பார்த்தார். “இவங்க என்னத்தைப் பாக்க வந்திருக்கிறாங்க?”

“லைற்றை, ஐயா” என்றேன்.

என் புருசன் சுவிச்சைப் போட்டார். பல்ப் எரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை, என்றாலும் ஊர் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வந்திருந்த சின்னஞ்சிறுசுகளில் பாதி, சுவரில் பூட்டிய சுவிச்சால் ஒரு விளக்கு எரிவதை முதல்முதலாகப் பார்க்கிறது.

முஹைதீன் பெட்டியால் எல்லாவற்றையும் அளந்து முடித்து நாங்கள் கொண்டுவந்து போட்டிருந்த மேசையடியில் உட்கார்ந்தார். “வேலை நல்ல வேலை” என்றார். “கொழும்பிலயும் இப்ப இப்பிடிச் செய்யிறதில்ல. ஆனா ஒரு விசயம். நூற்று முப்பத்தொன்பது நாள் வேலை நடந்த வீடு இது. சுவிச்சுப் பெட்டிக்குப் பின்னால சாந்து இன்னும் ஈரம். லெட்சுமணன் எங்க? அவரைக் கூப்பிடுங்க.”

நான் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். மடு மாதா கோயிலுக்கு நேர்த்திக்குப் போயிருக்கிறார் என்று சொல்வதாக இருந்தேன். என் புருசன் முந்திக்கொண்டார்.

“மண்டபம் முகாமில, ஐயா. தொண்ணூறில போனவர்.”

அவருக்குப் பொய் சொல்ல வராது. உப்பும் கரியும் முறைப்படி போடுகிற மனிதர். அந்த நேரத்தில் எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போலவும் இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். பனங்குற்றிக் கொப்பியிலிருந்து தொடங்கி அவரே எல்லாவற்றையும் சொன்னார். என் முதல் வரியை அவரும் சொல்லவில்லை.

முஹைதீன் கேட்டு முடித்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். சிவப்புப் பேனா. “வேலை செய்வித்தவர் ஒத்துக்கொள்ளாத நாளை நான் வெட்டத்தான் வேணும். வெட்டினா மிச்சம் பதினாலு நாள். அட்டை கிடைக்காது. செய்வித்தவங்க வந்து அந்தந்த வரியில சொந்தப் பேரை எழுதினா நான் வெட்டத் தேவையில்ல. எனக்கு நாலு மணிக்கு வாகனம். அதுவரைக்கும் இருக்கிறன்.”

வெளியே குந்தியிருந்த ஊர் நிலத்தைப் பார்த்தது. கிறகரி ஜெனரேற்றரைத் துடைத்தான். றோசம்மா பாயைச் சுருட்டத் தொடங்கினாள். 

“நான் மறிச்சுக்கட்டி ஆள்” என்றார் முஹைதீன், யாரிடம் என்றில்லாமல். “தொண்ணூறில முஸ்லிம்களைப் போகச் சொன்னப்ப எல்லாத்தையும் விட்டுட்டுப் போனோம். எங்கட வீட்டுக்கு நான்தான் வயரிங் செஞ்சேன். இப்ப அதுக்குள்ள மரம் நிக்குதாம். எட்டு வருசமாப் புத்தளத்து முகாம் லிஸ்ட்டில எங்கட பேர் இருக்கு. பேர் இருந்தாத்தான் அரிசி. நீங்க பேர் எழுதப் பயப்பிடுறீங்க. எங்கட உம்மா பேர் விட்டுப்போகுமோ எண்டு பயப்பிடுறா.”

யாரும் அசையவில்லை. மூன்றே கால் ஆனது, மூன்றரை ஆனது. நான் முன்னால் போயிருக்க வேண்டும். முதல் வரி என்னுடையது, நான் போகவில்லை. என் புருசனுடைய அட்டைக்குத் தினமும் பயப்படுகிற நான், ஒரு பெயர் எழுதப் பயந்து நின்றேன்.

பாலம்மாதான் வந்தாள். மீன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள்.

“இது எங்க வீடுங்க. லைட்டு எங்க வீட்டுல போட்டது. எங்க எழுதணும்?”

முஹைதீன் பரிசோதனைப் பத்திரத்தை நீட்டி, வீட்டுக்காரர் என்ற இடத்தைக் காட்டினார். “எழுதத் தெரியுமா?”

“ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்.”

குனிந்து, எழுத்தெழுத்தாக, லெ. பாலம்மா என்று எழுதினாள். கீழே ஒரு கோடும் இழுத்தாள். லெட்சுமணன் பனங்குற்றிக் கொப்பியில் இழுத்த அதே கோடு. பிறகு அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, முதல் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து வாசித்தாள். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, மொத வரி தையல் மெசினு. அது உங்களோடதுதானே.”

அவள் அதை எப்போதோ அறிந்திருக்கிறாள். சின்ன ஊர், யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தில் கோபமும் இல்லை. நான் பேனாவை வாங்கினேன்.  லெட்சுமணன் என்பதற்குப் பக்கத்தில் இ. செலீனா என்று எழுதினேன்.

முஹைதீன் எட்டிப் பார்த்தார். “புருசனிட்ட வேலை செய்விச்சீங்களா? கூலி குடுத்தீங்களா?”

“சோறு குடுத்தனான்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“அடிப்பிடிச்ச நாளும் குடுத்தனான்.”

“அப்ப சரி” என்றார். அந்த மனிதர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அதன் பிறகு றோசம்மா பாயைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். ஒன்பது வரியில் எழுதினாள், கோழிக்கூட்டு மணியையும் சேர்த்து. கிறகரி வந்தான். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் நின்றார்கள், கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்பது போல. எழுதத் தெரியாதவர்கள் சீல் மையில் விரலைத் தொட்டு வைத்தார்கள். சிலர் எழுதிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு மணிக்கு வாகனக்காரன் வந்து ஹோர்ன் அடித்தான், முஹைதீன் குடையை அசைத்து அவனை இருக்கச் சொன்னார். நாலே காலுக்கு இரண்டு தரம் எண்ணிவிட்டு, நூற்றைம்பத்தொன்று என்றார். இரண்டு நாளுக்குரியவர் வரவில்லை. அவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருடைய மூக்குக்கண்ணாடி இன்னும் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது.

பத்திரத்தில் சீலைக் குத்திக் கொடுத்துவிட்டு முஹைதீன் புறப்பட்டார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பி அந்தப் பல்பைப் பார்த்தார்.

ஊர் போகவில்லை. போய் என்ன செய்வது? எல்லா வீட்டு மண்ணெண்ணெயும் ஜெனரேற்றருக்குள் இருந்தது. பொழுதுபட்டதும் எரிந்த ஒரே விளக்கு லெட்சுமணன் வீட்டு விளக்கு. பாலம்மா தேத்தண்ணி வைத்தாள். றோசம்மா சாய்ப்பிலிருந்து அவளுடைய பாயையும் பெட்டியையும் கொண்டுவந்து சொல்லாமல் ஒரு மூலையில் வைத்தாள். ஏழு மணி போல ஜெனரேற்றர் இருமிக்கொண்டு நின்றது. லைற் சிவந்து அணைந்தது.

என் புருசன் இருட்டில் வழக்கம்போலச் சுவரைத் தடவிக்கொண்டு சுவிச்சை அணைக்கப் போனார்.

“அண்ணே, அதை அப்புடியே விடுங்க” என்றாள் பாலம்மா.

“கரண்டு இல்லாத நேரம் போட்டபடி விடக்கூடாது, தங்கச்சி.”

“இருக்கட்டும்ணே. கரண்டு வர்ற அன்னிக்கு அதுபாட்டுக்கு எரியட்டும். அவரு வந்தாருன்னா வீடு தெரியணும்ல.”

அவர் சுவிச்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். சுவிச்சு போட்டபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் முதல் வேலையாகக் குசினியில் அடுப்புக்கு மேலே இருக்கிற சுவிச்சைப் போட்டேன். ‘டக்’ என்ற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்தார். பிறகு அதை அணைக்காமல் கிணற்றடிக்குக் கை கழுவப் போய்விட்டார்.